ஒரத்துப்பாளையம் அணையும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. வற்றாத ஆறு அல்ல. மழைக்காலத்தில் வெள்ளம் வரும், மற்ற மாதங்களில் மணல் தெரியும். அதை அறிந்துதான் முன்னோர் ஆற்றின் நெடுகத் தடுப்பணைகளையும் குளங்களையும் வரிசையாக அமைத்து, வந்த வெள்ளத்தைப் பிடித்து வைத்துப் பிழைத்தார்கள்.

அந்த ஆற்றின் கரையில் பருத்திச் சந்தையாக இருந்த திருப்பூர், உள்நாட்டுக்குப் பனியன் நெய்யும் ஊராக மாறியது. 1970-களின் இறுதியில் ஐரோப்பிய வியாபாரிகள் வரத் தொடங்கிய பிறகு ஏற்றுமதி நகரம் ஆனது. 1985-இல் இருபது கோடி ரூபாயை எட்டாத ஏற்றுமதி, 2010-11-இல் சுமார் 12,500 கோடி ரூபாயாக இருந்தது. மக்கள்தொகையும் அதே வேகத்தில் ஏறியது. 1961-இல் எண்பதாயிரத்தைத் தொடாத ஊரில் 1981-இல் 1.65 லட்சம் பேரும், 2001-இல் 3.44 லட்சம் பேரும் இருந்தார்கள். சுற்றியுள்ள நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்து விரிவாக்கிய மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பின்படி 8.77 லட்சம் பேர். தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்தும், பிறகு பீகார், ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் இதில் பெரும்பங்கு.

வெளியூர்க்காரர்கள் பனியன் கம்பெனி என்றால் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடப்பதாக நினைப்பதுண்டு. பெரும்பாலும் அப்படியல்ல. நூலை வாங்குபவர் ஒருவர், நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் ஓட்டுபவர் இன்னொருவர், சாயம் போடுபவர் மூன்றாமவர். துணியை அழுத்திச் சுருக்கத்தைச் சீராக்கும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் இருக்கிறார். சாயப்பட்டறைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஜாப் ஒர்க்காரர். துணி அவருடையதல்ல, ஆர்டரும் அவருடையதல்ல, நிறத்தை முடிவு செய்தவரும் அவரல்ல. ஆனால் மொத்தச் சங்கிலியில் ஆற்றைக் கெடுக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் அவருடைய கூடத்தில்தான் நடக்கிறது. பின்னால் வந்த தீர்ப்புகளும் அபராதங்களும் யார் தலையில் விழுந்தன என்பதைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

உப்பு எங்கே போகிறது

பருத்தித் துணிக்கு இங்கே பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அந்த விலக்கத்தை முறித்துச் சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதற்காகச் சாயத் தொட்டியில் சாதாரண உப்பையோ கிளாபர் உப்பையோ (சோடியம் சல்பேட்) கொட்டுகிறார்கள். பிறகு சோடா சாம்பல் சேர்த்தால் சாயம் இழையோடு பிணைகிறது. கறுப்பு, கருநீலம், அரக்கு போன்ற அடர் நிறங்களுக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பும், சில சமயம் அதற்கு மேலும் தேவைப்படும்.

இந்த உப்பில் ஒரு துளிகூடத் துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் தள்ளிவிட்டு அது தண்ணீரிலேயே நிற்கிறது. சாயத்திலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழையோடு பிணையாமல் கழுவு நீரில் போய்விடுகிறது. பழைய விஞ்ச் இயந்திரங்களில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாயிற்று. சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் வந்த பிறகு தண்ணீர் குறைந்தது. ஆனால் ஒரு கிலோ துணிக்கான உப்பு அதே விகிதத்தில் குறையவில்லை. தண்ணீர் குறைந்த அளவுக்கு உப்பு குறையாவிட்டால், கழிவு இன்னும் கடுமையாகிறது.

பட்டறைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். திருப்பூரின் சொந்தக் கிணறுகள் உவர்த்துப்போனபின், சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் தண்ணீர் வந்தது. விவசாயம் செய்வதைவிடத் தண்ணீரை விற்பது லாபம் என்று கணக்குப் போட்ட கிணற்றுக்காரர்களும் இருந்தார்கள். அது போதாமல், பவானிக்கு அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்துவரும் குழாய்த் திட்டம், 1,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 2005-06 வாக்கில் செயல்பாட்டுக்கு வந்தது. நொய்யலின் வறண்ட படுகையில் இருந்த நீர்த் தட்டுப்பாடே தொழிலுக்கு இயற்கை வைத்திருந்த ஒரு எல்லை. அந்த எல்லையைக் காவிரித் தண்ணீர் அகற்றியது. உள்ளே வந்த நீர் கழிவாக எங்கே வெளியேறும் என்பதற்கு மட்டும் அந்தத் திட்டத்தில் அதே அளவு அக்கறையோடு விடை சொல்லப்படவில்லை.

அணைக்கு வந்த நீர்

திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அரசு ஓர் அணை கட்டி 1992-இல் முடித்தது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவது நோக்கம். அதில் பெரும்பகுதி கரூர் மாவட்டத்தில் இருந்தது. தலைமுறைகளாக மானாவாரி பார்த்த நிலத்துக்கு வாய்க்கால் வரப்போகிறது என்று நம்பியவர்களுக்கு அது பெரிய செய்தி.

அணை திறந்த காலமும் ஏற்றுமதி பாய்ச்சல் எடுத்த காலமும் ஒன்றாக அமைந்தன. பட்டறைகள் பெருகி ஏழு நூறைத் தாண்டின. நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் கழிவு நீர் வெளியேறியது. மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் ஓடியதே அந்தக் கழிவுதான். அணை அதைத் தேக்கி வைத்தது. அடியில் இறங்கிய உப்பு நீர் சுற்றியிருந்த கிணறுகளுக்குப் போயிற்று.

விவசாயிகள் முதலில் கவனித்தது நிறத்தை. ஆறு ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது. எந்தக் கம்பெனிக்கு எந்த நிற ஆர்டர் வந்திருக்கிறது என்பதை வாய்க்காலைப் பார்த்தே சொல்லலாம் என்று கசப்பாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு கவனித்தவை மெதுவாக வந்தவை. பாய்ச்சிய நிலம் காய்ந்ததும் மேலே வெள்ளை பூத்தது. தென்னையில் குலை சிறுத்தது. மாடுகள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மறுத்தன. நெல்லும் மஞ்சளும் போட்ட இடத்தில் உவர் தாங்கும் தீவனப் பயிரைத் தவிர வேறெதுவும் எழவில்லை. அணையில் மீன்கள் டன் கணக்கில் செத்து ஒதுங்கின.

1990-களின் நடுவில் அந்த விவசாயிகள் எடுத்த நிலைப்பாடு, தமிழ்நாட்டின் பாசன வரலாற்றில் அதிகம் காணாதது. தங்களுக்காகக் கட்டிய அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம், மதகுகளைத் திறந்தே வையுங்கள் என்று அவர்களே கேட்டார்கள். 1997-இல் அணை நீரைத் திறந்துவிட்டபோது, கீழே கரூர்ப் பகுதி மக்கள் பாதிக்கப்பட்டுக் கொதித்தார்கள். தேக்கினாலும் கேடு, திறந்தாலும் கேடு என்ற நிலை.

முதல் முடிவு: பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்

தமிழ்நாட்டில் ஆறுகள், நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் ஆலைகள் புதிதாக வரக்கூடாது என்ற அரசாணை 1989-லேயே உண்டு. காகிதத்தில் வரம்பு இருந்தது. பட்டறைகளோ ஆற்றின் கரையிலும் ஓடைகளின் ஓரத்திலும் வந்தன. ஏனென்றால் கழிவை வெளியேற்ற அதுவே வசதியான இடம்.

கரூர்ப் பக்க விவசாயிகள் 1996-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சுத்திகரிப்பு வசதி இல்லாத பட்டறைகள் மூடப்பட வேண்டும் என்று 1998-இல் நீதிமன்றம் சொன்னது. இங்கே எடுக்கப்பட்ட முடிவு, பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. தனி நிலையம் கட்டச் சிறிய பட்டறையிடம் இடமும் இல்லை, பணமும் இல்லை. கூட்டாகக் கட்டினால் மானியம் கிடைக்கும், நீதிமன்றத்தில் அவகாசமும் கிடைக்கும்.

தேர்ந்தெடுத்த முறைதான் கோளாறு. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுச் சாயத்தைப் படியவைத்து, மேலே தெளிந்த நீரை ஆற்றில் விட்டார்கள். நிறம் பெருமளவு போயிற்று. ஆய்வுக்கு வருபவர் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால் தெளிவாக இருக்கும். ஆனால் உப்பை இந்த முறையால் நீக்கவே முடியாது. கரைந்த திடப்பொருள்களின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. வெளியேறிய நீர் அதைப் பல மடங்கு தாண்டியது. இதற்கு மேல், படிந்த சேறு ஆபத்தான கழிவாக நிலையங்களின் வளாகத்திலேயே மலையாகக் குவிந்தது.

இந்தக் கட்டத்தைத் தொழில்நுட்பத் தவறு என்று மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். உப்பு நீங்காது என்பது அன்றைய பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல, பாடப்புத்தக வேதியியல்தான். உப்பை நீக்க வேண்டுமானால் ஆகும் செலவை கிலோவுக்கு இவ்வளவு என்ற சாயக் கூலி தாங்காது. கூலியை உயர்த்தினால் ஆர்டர் போய்விடும். ஆகவே ஏற்றுமதியின் வேகத்தைத் தொடாத ஒரு தீர்வே எல்லோருக்கும் பிடித்த தீர்வாக இருந்தது.

இரண்டாம் முடிவு: லிட்டருக்கு இத்தனை பைசா

இதற்கிடையே நட்ட ஈடு கணக்கிடும் பணி நடந்தது. அதற்கென அமைந்த ஆணையம் சுமார் 28,600 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. ஒருவருக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வரவில்லை. நிலம் பல ஆண்டுகளுக்குப் பயன்படாமல் போனதற்கான ஈடு, ஒரு நல்ல கறவை மாட்டின் விலையைவிடக் குறைவு.

2003-இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசனத்தை நம்பிய நிலக்காரர்கள், சங்கமாகத் திரண்டு மீண்டும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2006 டிசம்பர் 22-ஆம் தேதி உயர் நீதிமன்றம் வேறு வழியைக் கையாண்டது. கழிவு நீரை வெளியே விடவே விடாத பூஜ்ஜியக் கழிவு வெளியேற்ற நிலையை அடையும்வரை ஒவ்வொரு லிட்டர் கழிவுக்கும் 6 பைசா செலுத்த வேண்டும். சில மாதங்களில் அது 8 பைசாவாகும், பிறகு 10 பைசாவாகும். அதன் பிறகும் அடையாவிட்டால் மூட வேண்டும். மாசை படிப்படியாக விலையேற்றினால் பட்டறைகள் தாமே மாறும் என்பது இதன் பின்னால் இருந்த எண்ணம்.

நடந்தது வேறு. பைசா கணக்கு பலருக்குச் செலவுப் பட்டியலில் இன்னொரு வரியாயிற்று. மின்கட்டணம், விறகு, லாரித் தண்ணீர், இப்போது கழிவுக் கட்டணம். கட்டணம் கட்டியவர் தாம் விதியை மீறுவதாக நினைப்பதை விட்டுவிட்டார். கெடுவை நீட்டிக்க வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 2009 அக்டோபர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கமே நின்றது. மாசு செய்பவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தி, பூஜ்ஜிய வெளியேற்றத்துக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. 2010-11 மத்திய நிதிநிலை அறிக்கையில் திருப்பூரின் பூஜ்ஜிய வெளியேற்ற ஏற்பாட்டுக்காகத் தமிழ்நாட்டுக்கு 200 கோடி ரூபாய் ஒருமுறை மானியமும் அறிவிக்கப்பட்டது.

பூஜ்ஜிய வெளியேற்றம் என்பது சொல்வதற்கு எளிது. கழிவை உயிரியல் முறையில் சுத்திகரித்து, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுகள் வழியாகச் செலுத்தினால் முக்கால் பங்குக்கு மேல் நல்ல நீராகத் திரும்பும். மிஞ்சும் அடர்ந்த உப்பு நீரை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து உப்பாகப் பிரிக்க வேண்டும். கொதிக்கவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும். ஆவியாக்கிகள் அடிக்கடி அடைத்துக்கொண்டன, வடிவமைத்த கொள்ளளவில் பாதிகூட ஓடாத நிலையங்கள் இருந்தன. கட்டியாயிற்று என்று நீதிமன்றத்தில் சொல்ல முடிந்தது, ஓடுகிறது என்று சொல்ல முடியவில்லை.

2011 ஜனவரி 28

கெடு முடிந்து ஓராண்டு கடந்தும் ஆற்றில் சாயம் ஓடியது. விவசாயிகள் நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு வந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. பூஜ்ஜிய வெளியேற்றத்தை மெய்ப்பித்த பிறகே திறக்கலாம்.

வெளிநாட்டுச் செலாவணியையும் லட்சக்கணக்கான வேலைகளையும் காரணம் காட்டிய வாதங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு தொழிலின் அளவு எவ்வளவு பெரிதானாலும் கீழே இருப்பவரின் நிலத்தையும் நீரையும் அழிக்கும் உரிமை அதற்கு வராது என்ற நிலையை அது எடுத்தது. பதினைந்து ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவகாசம் கொடுத்து வந்த அதே அமைப்பு, ஒரே நாளில் விசையை நிறுத்தியது.

மூடிய பின்

சாயம் நின்றால் திருப்பூர் நிற்கும். நிட்டிங் முடிந்த துணி வெள்ளையாகவே குடோன்களில் தேங்கியது. பெரிய ஏற்றுமதியாளர்கள் துணியை லாரியேற்றி அகமதாபாத், லூதியானா, கொல்கத்தா வரை அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். போக்குவரத்துச் செலவு ஏறியது, நிறம் ஒத்துவரவில்லை என்ற புகார்கள் வந்தன, ஆனாலும் கப்பல் ஏற்றினார்கள். அந்த வசதி இல்லாத சிறிய கம்பெனிகள் சத்தமில்லாமல் மூடின. வாரச் சம்பளத்தை நம்பியிருந்த தொழிலாளர்கள் முதலில் ஓவர்டைமை இழந்தார்கள், பிறகு ஷிப்டை இழந்தார்கள், பிறகு சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அவர்களுக்கு உத்தரவில் எந்த ஏற்பாடும் இல்லை. வழக்கில் அவர்கள் கட்சிக்காரர்களே அல்ல.

இரண்டாவது விளைவு ஆற்றங்கரைகளில் நடந்தது. ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில், காவிரிக்கும் பவானிக்கும் அருகே, தோட்டத்து வீடுகளிலும் கோழிப்பண்ணைக் கொட்டகைகளிலும் அனுமதியில்லாத சாயப்பட்டறைகள் முளைத்தன. திருப்பூர்த் துணி இரவில் அங்கே போய்க் காலையில் நிறத்தோடு வந்தது. அதிகாரிகள் இடித்தால் வேறொரு தோட்டத்தில் மீண்டும் எழுந்தன. நொய்யல் ஒரு ஆற்றுக்கான தீர்ப்பைப் பெற்றது, மற்ற ஆறுகள் அதற்கான சுமையைப் பெற்றன.

திறந்த பின்

2011 மே மாதம் பொறுப்பேற்ற புதிய மாநில அரசு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் நிலையத்தில் ஒரு மாற்று முறை சோதிக்கப்பட்டது. உப்பு நீர் முழுவதையும் கொதிக்கவைப்பதற்குப் பதிலாக, சாய நிறத்தை மட்டும் நீக்கிச் சுத்தமான உப்புக் கரைசலாக்கி, அதையே மறுபடியும் சாயத் தொட்டிக்கு அனுப்புவது. புதிய உப்பு வாங்கும் செலவு குறைகிறது, ஆவியாக்கியின் பாரமும் குறைகிறது. இந்த ஆய்வில் தயங்காமல் பாராட்டத்தக்க பொறியியல் சாதனை இதுதான். இது பத்தாண்டுகளுக்கு முன்பே சோதிக்கப்படாமல் போனதற்கு, அதற்கான அவசியத்தை யாரும் உணரச் செய்யவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

நிலையங்கள் ஒவ்வொன்றாக அனுமதி பெற்றுத் திறந்தன. திரும்பாதவை பெரும்பாலும் சிறிய பட்டறைகள். நொய்யலில் கலந்த சாயக்கழிவு முன்பைவிடப் பெருமளவு குறைந்தது. மழை நாள்களில் வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்துவிடுவது இன்னும் அவ்வப்போது பிடிபடுகிறது என்றாலும், நகரத்தின் மொத்தக் கழிவையும் ஆற்றுக்கு அனுப்பிய காலம் போயிற்று. திருப்பூருக்கு வடக்கே உள்ள நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஏற்றுமதியும் திரும்பியது. 2014-15-இல் சுமார் 21,000 கோடி, 2021-22-இல் 33,000 கோடிக்கு மேல். ரூபாயின் மதிப்புச் சரிவும் விலையேற்றமும் இதில் அடங்கும், ஆனாலும் போக்குத் தெளிவு. சுற்றுச்சூழலைக் காத்தால் தொழில் அழியும் என்று சொன்னவர்கள் தவறு என்று இது காட்டுவதாகப் பலர் எழுதுகிறார்கள். அந்த அளவில் உண்மைதான்.

ஆனால் கழிவு மறையவில்லை, வேறு உருவங்களில் வேறு இடங்களுக்குப் போயிருக்கிறது. சோடியம் சல்பேட்டும் சமையல் உப்பும் சாயத் துகளும் கலந்த கலவை உப்பை எந்தத் தொழிலும் வாங்குவதில்லை. அது மூட்டைகளில் கட்டப்பட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு மாதமும் அடுக்கு உயர்கிறது. ஆவியாக்கிகளின் கொதிகலன்களில் எரியும் விறகு எங்கோ ஒரு நிலத்திலிருந்து வெட்டப்பட்டது. ஒரு கிலோ துணிக்குப் பழைய அளவைவிட ஆற்றுக்குச் செய்யும் கேடு மிகக் குறைவு என்பது சரி, கிலோக்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே இருப்பதும் சரி.

வங்கதேசத்திலோ இந்தியாவின் பிற பல நகரங்களிலோ சாயப்பட்டறைகளுக்கு இந்தக் கண்டிப்பு இல்லை. ஒரு டி-சர்ட்டுக்கு ஐரோப்பியக் கடை கொடுக்கும் விலையில், அதன் கழிவைச் சுத்திகரித்த செலவுக்கென்று தனி வரி இல்லை. ஆகவே அந்தச் செலவை ஈடுகட்டப் பட்டறைக்குத் தெரிந்த ஒரே வழி, இன்னும் அதிகக் கிலோ சாயம் போடுவது. கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய நிலையம் முழுக் கொள்ளளவில் ஓடினால்தான் தவணை கட்ட முடியும். மாசைக் குறைக்கக் கட்டிய அதே இயந்திரம், உற்பத்தியைக் குறைக்க விடாத காரணமாகவும் ஆகிவிட்டது.

மக்கள்தொகையின் பங்கு

வழக்கு முழுவதும் சாயத்தைப் பற்றியே பேசியது. நொய்யலுக்கு இன்று வரும் பாரத்தில் பெரும்பங்கு வீட்டுச் சாக்கடை. கோவையிலும் திருப்பூரிலும் குடியேறிய லட்சக்கணக்கானவர்களின் கழிவு நீர், பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இழுபறியாக நடக்க, ஓடைகள் வழியாக ஆற்றை அடைகிறது. ஏற்றுமதி இரண்டு மடங்காக வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, அதற்காக வரப்போகும் தொழிலாளர்களின் குடிநீருக்கும் கழிவறைக்கும் யாரும் இலக்கு வைக்கவில்லை.

இங்கே குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவது திசைதிருப்பல். தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம், மக்கள்தொகையை அதே அளவில் நிலைநிறுத்தும் பதிலீட்டு அளவுக்குக் கீழே இறங்கிப் பல ஆண்டுகளாகின்றன. திருப்பூரின் மக்கள்தொகை பெருகியது பிறப்பால் அல்ல, இடப்பெயர்வால். ஆட்களை இழுத்து வந்தது ஆர்டர் புத்தகம். ஆகவே ஊரின் அளவைப் பற்றிய கேள்வியும் தொழிலின் அளவைப் பற்றிய கேள்வியும் இங்கே ஒரே கேள்வி.

எடுக்கப்படாத முடிவு

இந்த முப்பதாண்டு ஆவணங்களில் எந்த முடிவிலும் ஒரு கேள்வி எழுப்பப்படவே இல்லை. இந்தப் படுகை ஆண்டுக்கு எத்தனை கிலோ துணியின் சாயத்தைத் தாங்கும்? சுத்திகரிப்பு எவ்வளவு, அபராதம் எவ்வளவு, கடன் எவ்வளவு, அவகாசம் எவ்வளவு என்பதெல்லாம் அலசப்பட்டன. உற்பத்தியின் மொத்த அளவு மட்டும் யாரும் தொடக்கூடாத பொருளாக இருந்தது. விவசாயிகள்கூட, நீதிமன்றம் எதை ஏற்கும் என்று அறிந்து, குழாயின் முனையில் வரும் நீரைப் பற்றியே வாதாடினார்கள்.

குழாயின் முனையில் வைத்த வரம்பு வீண் என்று சொல்வதற்கில்லை. அது நொய்யலைக் காப்பாற்றியது, 2011-இல் அதைத் தவிர வேறு கருவியும் கையில் இல்லை. ஆனால் அந்த வரம்பு அளந்தது நீரை. உப்பு, விறகு, காவிரித் தண்ணீர், மக்கள் என்று மற்ற எல்லாம் அளவில்லாமல் வளர இடமிருந்தது. ஒரு பக்கம் அடைத்ததும் அழுத்தம் மற்ற பக்கங்களில் வெளியேறியது.

மாற்ற வேண்டியவை

முதலாவது, தொடக்கத்திலேயே எல்லை. 1992-இல் அணையை முடித்த அரசின் கையில் ஆற்றின் நீர்வரத்துக் கணக்கும் இருந்தது, பட்டறைகளின் எண்ணிக்கையும் இருந்தது. அப்போதே படுகைக்கு ஒரு மொத்த அளவு வகுத்து, அதற்குள் உரிமங்களைப் பகிர்ந்திருந்தால், பட்டறைகள் மூடப்பட வேண்டிய நிலை வந்திருக்காது, பத்தாயிரம் ஏக்கரும் மிஞ்சியிருக்கும். ஏற்றுமதி இன்றைய அளவை எட்டியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இழப்பை வெளிப்படையாகச் சொல்லாமல் எல்லையைப் பற்றிப் பேசுவது நேர்மையல்ல.

அடுத்து, விதி ஓர் ஆற்றுக்கு என்று இருக்கக்கூடாது. நொய்யல், பவானி, அமராவதி, காவிரி எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்திருந்தால் கோழிப்பண்ணைக் கொட்டகைப் பட்டறைகளுக்கு வேலை இருந்திருக்காது. மூடல் உத்தரவோடு தொழிலாளர்களுக்கான மாதப் படியையும் சேர்த்திருக்க வேண்டும். அதற்கான பணம் பட்டறைக்காரரிடமிருந்து மட்டும் வரக்கூடாது. லாபம் கண்டது சங்கிலி முழுவதும், ஆகவே ஏற்றுமதியாளரும் ஏற்றுமதி மதிப்பின் அடிப்படையில் பங்களித்திருக்க வேண்டும்.

சாய முறையே மாறினால் இந்தக் கணக்கு நிறைய மாறும். துணியில் சாயத்தையும் சோடாவையும் ஏற்றிச் சுருட்டிக் குளிரில் பல மணி நேரம் வைக்கும் முறையில் உப்பே தேவையில்லை. நெய்த துணிக்கு அது பழகிய முறைதான். சுருங்கி நீளும் நிட்டிங் துணிக்குக் கொஞ்சம் சிரமம், முதலீடும் அதிகம். தண்ணீரும் உப்பும் மலிவாக இருந்தவரை அந்தச் சிரமத்தை ஏற்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

கடைசியாக, கண்காணிப்பு எதை அளக்கிறது என்பது. கழிவு நீரின் மாதிரியை எடுத்து அளப்பது எளிதில் ஏமாற்றக்கூடியது. மாதிரி எடுக்க வரும் நாளில் நல்ல நீர் ஓடும். உப்புக்கு அந்த வசதி இல்லை. பட்டறைக்குள் எத்தனை டன் உப்பு வந்தது என்பது வாங்கிய ரசீதில் இருக்கிறது, எத்தனை கிலோ துணி சாயம் போடப்பட்டது என்பது ஜாப் ஒர்க் பில்லில் இருக்கிறது, எத்தனை டன் உப்பு திரும்ப எடுக்கப்பட்டது என்பது நிலையத்தின் எடைச் சீட்டில் இருக்கிறது. உள்ளே வந்ததற்கும் திரும்ப எடுத்ததற்கும் இடையிலான வித்தியாசம் ஆற்றுக்கோ நிலத்துக்கோ போயிருக்க வேண்டும். ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்த மூன்று தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் எழுத்தரே போதும். படுகைக்கான மொத்த உப்பு அளவை முதலில் அறிவித்துவிட்டு, அதற்குள் அடங்கும்வரை மட்டும் உரிமம் கொடுத்தால், எத்தனை கிலோ சாயம் போடலாம் என்ற கேள்வி தானாகவே அந்த மேசைக்கு வந்து சேரும்.